உணர்ச்சி நரம்பியலில் பி.எச்டி.: பெங்களூரா, நைமேகனா, லைப்சிக்கா, பாஸ்டனா?

பயம், கோபம், துக்கம், பாசம் எல்லாம் மூளையில் எப்படி உருவாகின்றன என்று ஸ்கேன் எடுத்து ஆராயும் ஆசையோடு படித்து வெளியே வரும் மாணவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். உளவியல் முடித்தவர்களோடு பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இயற்பியல், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் இதில் சேர்ந்துகொள்கிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த நாட்டுக்குப் போகலாம்?

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பேன். உங்களுக்கென்று எத்தனை மணி நேரம் ஸ்கேனர் கிடைக்கும், எடுத்த தரவை ஒழுங்காக அலசக் கற்றுத்தர அந்த லேபில் யார் இருக்கிறார்கள், ஆய்வு முடியும்வரை பணம் வருமா என்பதுதான் இந்தத் துறையில் ஒரு பி.எச்டி.யின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. நாடு, பல்கலைக்கழகத்தின் பெயர், ரேங்க் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு ஸ்கேன் எப்படி நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் இது புரியும். ஆய்வுக்கு வந்தவர் உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நம்மூரில் என்றால் மெட்டி, ஹேர்பின், தாலிச் செயின் வரைக்கும் பேச்சு போகும்; தயங்கும் அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாக விளக்குவதும் உங்கள் வேலைதான். படுக்க வைத்து, காதில் அடைப்பான் வைத்து, தலைக்கு மேல் காயிலை மூடி, விரலில் நாடித்துடிப்புக் கிளிப் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறீர்கள். கண்ணுக்கு மேலுள்ள சிறு கண்ணாடியில் பயந்த முகம், கோபமான முகம், நடுவே வெறும் வட்டங்களும் நீள்வட்டங்களும் வந்து போகின்றன. அரை மணி நேரம் அந்தக் கடகடச் சத்தத்தில் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும். வெளியே கன்ட்ரோல் ரூமில் நீங்கள் தலை அசைவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இருபதாவது நிமிடம் அவர் இருமுகிறார். கோடு ஓரிரு மில்லிமீட்டர் துள்ளுகிறது. அந்தப் பகுதி போச்சு. மேலைநாடுகளில் இந்த ஒரு மணி நேரத்துக்கு சில நூறு டாலர் கட்டணம். யார் கட்டுவது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதோடு, உணர்ச்சி ஆய்வின் கதாநாயகனான அமிக்டாலா என்ற மூளைப் பகுதி பாதாம் பருப்பளவுதான். மூக்கை ஒட்டிய காற்றறைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேன்) சிக்னல் அங்கே எளிதில் மங்கிப்போகும். ஸ்கேனர் அமைப்பை அதற்கேற்ப மாற்றத் தெரிந்த ஓர் இயற்பியலாளர் பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்பது உங்கள் நான்கு வருட உழைப்பின் தரத்தையே மாற்றிவிடும்.

அலசலிலும் இப்படித்தான். கடந்த பத்து வருடங்களில் இந்தத் துறை தன்னைத்தானே கடுமையாகச் சோதித்துக்கொண்டது. 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்புகள், எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள்களின் சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போகின்றன என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020-ல் ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை. முடிவுகளும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. 2022-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, ஆளுக்கு ஆள் உள்ள மன வேறுபாடுகளை மூளை அளவீடுகளோடு நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானோரின் தரவு வேண்டும் என்றது. இன்று இந்தத் துறைக்குள் வருகிறவருக்கு இதெல்லாம் நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன். எப்படிச் செய்யக்கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் 25 பேரை ஸ்கேன் செய்து, பதற்றக் குணத்துக்கும் அமிக்டாலாவுக்கும் தொடர்பு கண்டோம் என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கும் லேபில் மாட்டிக்கொண்டால், உங்கள் பேப்பர்களைப் பின்னால் நீங்களே நம்ப முடியாது.

சரி, இனி இடங்களைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்தத் துறையின் பெரிய சண்டைகள் நடந்தன, இன்னும் நடக்கின்றன. எலிகளைக் கூசவைத்து அவை எழுப்பும் மீயொலியைப் பதிவுசெய்த யாக் பாங்க்செப், அடிப்படை உணர்ச்சிகள் பாலூட்டிகளின் மூளையில் பிறவியிலேயே பதிந்த சுற்றுகள் என்றார். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் லிசா ஃபெல்ட்மன் பேரட் நேர் எதிராக, உணர்ச்சியை மூளை அனுபவத்திலிருந்தும் கலாசாரத்திலிருந்தும் அந்தந்த நேரத்தில் கட்டி எழுப்புகிறது என்கிறார். டார்ட்மவுத்தில் டோர் வேகர், வலி போன்ற அனுபவங்களை மூளை முழுவதும் பரவிய வடிவங்களிலிருந்து கணிக்க முயல்கிறார். எந்தப் பக்கம் உங்கள் மனம் சாய்கிறது என்பது லேபைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியம். முதல் பக்கம் என்றால் விலங்கு ஆய்வுக்கூடங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அமெரிக்க பி.எச்டி.யின் பலம் அதன் நீளம். ஐந்து, ஆறு வருடம். முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை. நரம்பியல் துறைகளில் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில மாதம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பீர்கள். உளவியல் துறைகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே ஒரே பேராசிரியர். என்ன ஆராய வேண்டும் என்று இன்னும் தெளிவில்லாதவருக்கு அந்த முதல் வகை பெரிய வரம். கல்விக்கட்டணம் கிடையாது, ஊரைப் பொறுத்து வருடத்துக்கு 30,000 முதல் 50,000 டாலர் வரை உதவித்தொகை.

இதன் மறுபக்கத்தைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் தரும் பயிற்சி நிதிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். அதனால் பல துறைகளில் வெளிநாட்டு மாணவருக்கான இடம் தொடக்கத்திலேயே குறைவு. 2025-ல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல துறைகள் சேர்க்கையைக் குறைத்தன; கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. விண்ணப்பம் ஒன்றுக்கு 75 முதல் 125 டாலர். பத்து இடத்துக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய் வீட்டிலிருந்து போகும். மாணவர் விசாவில் போகிறவரின் கணவனோ மனைவியோ அங்கே வேலை பார்க்க முடியாது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

ஐரோப்பாவில் எனக்கு முதலில் கண்ணில் படுவது நெதர்லாந்தின் நைமேகன். அங்கே ராட்பவுட் பல்கலைக்கழகத்தின் டான்டர்ஸ் நிறுவனம் இருக்கிறது. நெதர்லாந்தில் பி.எச்டி. செய்பவர் பெரும்பாலும் ஊழியர். நான்கு வருட ஒப்பந்தம், மாதம் சுமார் 3,000 யூரோவில் தொடங்கி வருடா வருடம் ஏறும் சம்பளம் (வரி பிடித்தத்துக்கு முன்), விடுமுறை ஊதியம், ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. வேலை விளம்பரம்போல ஓர் ஆய்வுத் திட்டத்தை அறிவிப்பார்கள். அதற்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆய்வாளர் அனுமதியில் போகிறவரின் துணைவர் அங்கே தடையில்லாமல் வேலை தேடலாம்.

டான்டர்ஸில் காரின் ரூலோஃப்ஸ் குழு, ஆபத்தைக் கண்டதும் உடல் உறைந்துபோவது ஏன், அந்த உறைதலிலிருந்து செயலுக்கு மூளை எப்படி மாறுகிறது என்று பல வருடமாகப் பார்த்துவருகிறது. அதற்காகப் பயிற்சியில் இருக்கும் போலீஸ்காரர்களையே நீண்டகாலம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முகப் படங்களைக் காட்டுவதைவிட இது எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது, நிஜ வாழ்க்கையில் பயத்தோடு வேலை செய்ய வேண்டியவர்கள் அவர்கள். மூளையின் மின், காந்த சிக்னல்களை அலச உலகம் முழுக்கப் பயன்படும் ஃபீல்ட்டிரிப் மென்பொருள் பிறந்ததும் இங்கேதான். புதிய பரிசோதனையைத் தொடங்கும் முன் அதைச் சக ஆய்வாளர்கள் முன்னால் வைத்து விவாதிப்பதும், முடிந்த தரவைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பதும் அங்கே வழக்கம். நான் மேலே சொன்ன அலசல் கவலைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. குறை என்று சொன்னால், திட்டத்தை முன்பே எழுதியிருப்பார்கள். உங்கள் சொந்தக் கேள்விக்கு அதற்குள் இடம் எவ்வளவு என்று நேர்காணலில் வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். முதுநிலைப் பட்டமும் வேண்டும்.

லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம், மனித அறிதிறனும் மூளையும் பற்றியது, கருவியில் இன்னும் பணக்கார இடம். 7 டெஸ்லா (காந்தத்தின் வலிமை அளவு) ஸ்கேனர், நரம்பிழைகளின் பாதையைப் படமெடுக்கத் தனியாக வடிவமைத்த ஸ்கேனர், மூளையின் காந்த சிக்னலை அளக்கும் எம்இஜி எல்லாம் ஒரே நிறுவனத்தில். மனம், உடல், உணர்ச்சி மூன்றையும் இணைத்து 227 பேரிடம் எம்ஆர்ஐ, இஇஜி (மூளையின் மின் சிக்னல்), உடலியல் அளவீடுகள் எடுத்து அந்தத் தரவை உலகத்துக்கே திறந்துவிட்டவர்கள் இவர்கள். இதயத் துடிப்புக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பில் ஆர்வம் இருந்தால் இந்த ஊரை விடாதீர்கள்.

ஆனால் ஜெர்மனியில் நேரம் இறுக்கம். பல ஒப்பந்தங்கள் மூன்று வருடத்துக்குத்தான். ஒரு எஃப்எம்ஆர்ஐ ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி, முன்னோட்டம், ஆள் சேர்ப்பு, ஸ்கேன், அலசல் என்று ஒன்றரை வருடம் சுலபமாக ஓடிவிடும். மூன்று வருடத்தில் இரண்டு ஆய்வு முடித்தாலே பெரிது. நீட்டிப்பு வழக்கமாகக் கிடைக்கிறதா, எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். சம்பளம் அரசு ஊதிய அட்டவணையின் இ13 படியில் 65 சதவீதம் என்பது பல இடங்களில் வழக்கம். நெதர்லாந்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை, லைப்சிக்கில் வாடகையும் மேற்கு ஜெர்மனி ஊர்களைவிடக் குறைவு. முதுநிலைப் பட்டம் இல்லாதவர்கள் மாக்ஸ் பிளாங்க் அறிதிறன் பள்ளியைப் பார்க்கலாம். இளநிலைப் பட்டத்தோடும் அதில் சேர வழி உண்டு.

ஜெனீவாவில் 2005-ல் தொடங்கிய சுவிஸ் உணர்ச்சி அறிவியல் மையம் இருக்கிறது. உளவியல், தத்துவம், நரம்பியல், பொருளாதாரம் எல்லாம் உணர்ச்சி என்ற ஒரே தலைப்பின் கீழ் கூடும் இடம் உலகில் அரிது. கோட்பாட்டில் மனம் போகிறவர்களுக்கு அதுதான் தாய்வீடு. சம்பளம் வருடத்துக்கு 50,000 பிராங்கை ஒட்டி வரும், ஆனால் ஜெனீவா வாடகை அதில் பாதியை விழுங்கக்கூடும். இங்கிலாந்தைப் பற்றி ஒரு வரி போதும்: கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் ஆய்வு அருமை, ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான அதிகக் கட்டணத்தையும் சேர்த்து ஈடுகட்டும் ஸ்காலர்ஷிப் கையில் கிடைக்காமல் போகாதீர்கள்.

இனி இந்தியா. இதை நான் கடைசியாக எழுதுவதால் இது கடைசித் தேர்வு என்று அர்த்தமில்லை. 2023 ஜனவரியிலிருந்து, ஆய்வு மாணவருக்கான அரசு உதவித்தொகை தொடக்கத்தில் (ஜேஆர்எஃப்) மாதம் 37,000 ரூபாய், பிறகு (எஸ்ஆர்எஃப்) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 70,000 முதல் 80,000. ஐந்து வருடம் கிடைக்கும், கேள்வியை நீங்களே உருவாக்க வாய்ப்பும் அதிகம்.

நோயாளிகளைச் சார்ந்த கேள்வி என்றால் பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ஈடு உலகிலேயே குறைவு. மனச்சோர்வு, ஓசிடி, மனச்சிதைவு, போதைப் பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே வரும் கூட்டத்தை ஐரோப்பிய லேப் எதுவும் கனவில்கூடக் காண முடியாது. 6 முதல் 23 வயது வரையிலான பல ஆயிரம் பிள்ளைகளை நாட்டின் ஏழு இடங்களில் பின்தொடர்ந்து, ஒரு பகுதியினரின் மூளையையும் படமெடுத்த சி-வேதா ஆய்வை வழிநடத்தியதும் நிம்ஹான்ஸ்தான். ஆனால் மருத்துவமனை ஸ்கேனர் என்றால் எங்கேயும் நோயாளிக்குத்தான் முதலிடம். ஆராய்ச்சிக்கு எந்த நேரம், வாரத்துக்கு எத்தனை மணி என்று கேட்காமல் சேராதீர்கள். கணக்கும் நிரலாக்கமும் பிடித்தவருக்கு ஐஐஎஸ்சியின் நரம்பியல் மையம். 2003-ல் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்த மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ச்சிக்கென்றே 3 டெஸ்லா ஸ்கேனர் உண்டு. எலியில் தொடங்க விரும்பினால் பெங்களூருக்கு அதில் நல்ல பாரம்பரியம் இருக்கிறது. தொடர் மன அழுத்தம் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்புக் கிளைகளைச் சுருக்கி, அமிக்டாலாவில் அதே கிளைகளை வளர்க்கிறது என்ற 2002-ம் வருட முடிவு அங்கிருந்து வந்ததுதான்.

சென்னையிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தைக் கேட்பதுண்டு. உயர்ந்த இடம்தான். ஆனால் அவர்கள் செய்வது மூளைத் திசுவை மெல்லிசாக வெட்டி செல் அளவில் படமெடுப்பது. உயிருள்ள மனிதரின் பயத்தையோ துக்கத்தையோ பார்க்க விரும்புகிறவருக்கான இடம் அது இல்லை.

இந்தியாவில் மட்டுமே நன்றாகக் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு. பரிசோதனைகளில் அதிகம் பயன்படும் உணர்ச்சிப் படத்தொகுப்புகளில் ஒன்று ஃபுளோரிடாவில் உருவானது. பாம்பு, துப்பாக்கி, காயம்பட்ட உடல் என்று போகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (தலைவன்) என்று நான்கு காரணம் சொல்கிறது. விலங்குக்கும் கள்வருக்கும் படம் கிடைத்துவிடும். தனக்கு மேலுள்ளவர் முன்னால் நிற்கும்போது வரும் அச்சத்துக்கு என்ன படம் காட்டுவீர்கள்? அந்த அச்சமும் பாம்புக்கு வரும் அச்சமும் மூளையில் ஒன்றா? உணர்ச்சியை அதன் காரணத்தை வைத்துப் பிரிப்பது ஜெனீவாக்காரர்களின் கோட்பாட்டுக்கும் நெருக்கமானது. இதைக் கேட்க நம் ஊர் மனிதர்களும் நம் ஊர்ச் சூழலும் வேண்டும். சொந்தக் கேள்வி இப்படி ஒன்று மனதில் இருந்தால், இந்தியாவில் சேர்ந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ வெளிநாட்டு லேபில் இருந்துவிட்டு வருவது, நான்கு வருடம் இன்னொருவர் கேள்விக்கு உழைப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படிப் போகும். முதுநிலைப் பட்டமும் ஓரளவு நிரலாக்கமும் இருக்கிறது, முறையாக வேலை கற்க வேண்டும் என்பவர் முதலில் நெதர்லாந்து, அப்புறம் லைப்சிக் என்று தேடட்டும். மருத்துவமோ மருத்துவ உளவியலோ படித்து, நோயாளிகளை விட்டு விலக மனமில்லாதவர் நிம்ஹான்ஸை விட்டு எங்கும் போக வேண்டாம். இளநிலை மட்டும் முடித்து, இன்னும் திசை தெரியாதவருக்கு ஐந்தாறு வருடம் முன்பு அமெரிக்காவைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். இப்போது அமெரிக்காவுக்கு இரண்டு மூன்று விண்ணப்பம் போதும், மீதி முயற்சியை வேறு பக்கம் திருப்புங்கள் என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளையும் பாருங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், சம்பளமும் நன்று. சேரப்போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஐரோப்பாவில் முதுநிலை படிக்கப் போகிறவர்கள் இதை இப்போதே மனதில் வைக்க வேண்டும்.

இந்த வருடமே சேர்ந்தாக வேண்டும் என்றும் இல்லை. இந்திய லேப் ஒன்றில் திட்ட உதவியாளராக ஒன்றிரண்டு வருடம் இருப்பதை நம் வீடுகளில் வீண் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்கேனர் பக்கத்திலேயே இல்லாத ஊரிலிருந்தும் தொடங்கலாம். அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டம் 1,200 பேரளவு இளைஞர்களின் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. நான் மேலே விவரித்த அதே முகப் பரிசோதனை அதில் இருக்கிறது. ஒருவரையே இருமுறை ஸ்கேன் செய்தால் இத்தகைய பரிசோதனைகளின் முடிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 2020-ல் பார்த்தபோது ஒற்றுமை குறைவாகவே இருந்தது. ஓரளவு நல்ல கம்ப்யூட்டரும் இலவச மென்பொருளும் வைத்து அதில் ஒரு சிறு பகுதியை நீங்களே திரும்பச் செய்து பாருங்கள். நிரலைப் பொதுவில் போட்டு, பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்த இணைப்பை வையுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் சிறு வயது முதலே மூளையில் ஆர்வம் கொண்டவன்’ என்று தொடங்கும் மடலைவிட அதற்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய அறிவிப்புகள் வருடம் முழுக்க வரும். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் தேதியை ஒட்டி முடியும், மாக்ஸ் பிளாங்க் பள்ளியும் அதே சமயம்தான். இடம் கிடைத்ததும், ஒப்புக்கொள்ளும் முன் அந்த லேபில் இப்போது இருக்கும் இரண்டு மாணவர்களிடமாவது தனியாகப் பேசுங்கள். பேராசிரியர் அறையில் இல்லாதபோது பேசுங்கள். போன வருடம் எத்தனை மணி நேரம் ஸ்கேனர் கிடைத்தது, முடிவு எதிர்பார்த்தபடி வராத ஆய்வை என்ன செய்தார்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எதை வைத்துச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், கையெழுத்துப் போட இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொள்ளுங்கள்.